முடி கொட்டுதலும் இரத்தப் பரிசோதனையும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைமுடி கொட்டுது. என்னென்ன இரத்தப் பரிசோதனை செய்ய வேணும்?

பெரும்பாலானவர்களுக்கு மூன்று போதும்: எப்.பி.சி (முழு இரத்த எண்ணிக்கை), சீரம் பெரிட்டின், ரி.எஸ்.எச். டெங்கு புண்ணியத்தில் எப்.பி.சி என்றால் என்னவென்று இங்கே வீட்டுக்கு வீடு தெரியும். பெரிட்டின் உடலில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும். ரி.எஸ்.எச் தைரொயிட் சுரப்பி ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதைச் சொல்லும். மற்றவை எல்லாம் உங்கள் உடலில் வேறு ஏதாவது அறிகுறி இருந்தால்தான். இந்த மூன்றுமே தேவைப்படாத ஆட்களும் நிறையப் பேர்.

அது எப்படி? சோதிக்காமல் காரணம் தெரியுமா?

தலையைப் பார்த்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். நெற்றியின் இரு பக்கமும் ஏறி, உச்சி மெலிந்துவரும் ஆணுக்கு அது பரம்பரை வழுக்கை. இரத்தத்தில் தேட ஒன்றுமில்லை. பெண்ணுக்கு முன் நெற்றிக் கோடு அப்படியே இருக்க, வகிடு மட்டும் வருடா வருடம் அகலமானால் அதுவும் பெரும்பாலும் பரம்பரைதான், ஆனால் இரும்பையும் தைரொயிட்டையும் ஒருமுறை பார்ப்பது நியாயம். தலை முழுவதும் ஒரேயடியாகக் கொத்துக் கொத்தாகக் கொட்டினால், இரண்டு மூன்று மாதத்துக்கு முன் உடம்புக்கு என்ன நடந்தது என்று யோசியுங்கள். ஒரு ரூபாய்க் குற்றிபோல வட்டமாக, வழுவழுப்பாக விழுந்தால் அது புழுவெட்டு. இறுக்கிப் பின்னி, இழுத்துக் கொண்டை போடுபவர்களுக்குக் காதோரமும் நெற்றியோரமும் மெலிந்தால் காரணம் பின்னல்தான்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. முடி போன இடம் பளபளத்து, மயிர்க்கண்களே தெரியாமல், எரிவோ வலியோ இருந்தால் அங்கே தழும்பு விழுகிறது என்று பொருள். அதற்கு உடனடியாகத் தோல் நோய் வைத்திய நிபுணர் பார்த்து, தலைத்தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை றிப்போட்டுக்காகக் காத்திருக்கும் நாட்களில் போகும் முடி திரும்பி வராது.

ஒரு நாளைக்கு எத்தனை முடி விழலாம்?

50 முதல் 100 வரை சாதாரணம். இரண்டு நாளுக்கு ஒருமுறை முழுகுபவருக்கு முழுகிற அன்று கூடுதலாகத் தெரியும். எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். முன்பைவிடக் கூடியிருக்கிறதா, பின்னலின் தடிப்புக் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டெங்கு வந்து மூன்று மாதம். இப்பதான் கொட்டுது. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கா?

அனேகமாக அதுதான் காரணம். கடுமையான காய்ச்சல், சத்திரசிகிச்சை, பிரசவம், சட்டென எடை குறைத்தல் போன்ற ஒரு தாக்கம் வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் ஒரு பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக் கட்டத்துக்குப் போய்விடும். அந்த ஓய்வு சுமார் 3 மாதம் நீடிக்கும். அது முடிந்த பிறகுதான் முடி கழன்று விழும். யாழ்ப்பாணத்தில் டெங்கு மாரி மழையோடு கார்த்திகை, மார்கழி, தையில் கூடுவதால், மாசி, பங்குனி, சித்திரையில் முடி கொட்டுகிறது என்று வருபவர்கள் கூடுவதில் அதிசயமில்லை. கலியாணத்துக்கு முன் சோற்றை விட்டு மெலிந்த மணப்பெண்ணுக்குக் கலியாணம் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொட்டுவதும் இதே கணக்குத்தான். புது இடத்துத் தண்ணீரைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள்.

இந்த வகை பெரும்பாலும் 6 மாதத்துக்குள் தானாக அடங்கும். காய்ச்சலுக்கு முன் ஆரோக்கியமாக இருந்து, வேறு அறிகுறி இல்லாதவர் சோதனை செய்யாமலே பொறுக்கலாம். களைப்பு, மூச்சு வாங்குதல், அதிக மாதவிடாய், எடை மாற்றம் இருந்தாலோ 6 மாதம் தாண்டினாலோ மேலே சொன்ன மூன்றையும் செய்யுங்கள்.

எப்.பி.சியில் ஹீமோகுளோபின் சரியாக இருக்கு. பிறகு எதற்குப் பெரிட்டின்?

இரும்பு குறையும்போது முதலில் தீர்வது சேமிப்பு. ஹீமோகுளோபின் இறங்குவது கடைசியில். பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13 கிராம்/டெசிலீற்றருக்குக் கீழ் போனால்தான் இரத்தச்சோகை என்பார்கள். 12.4 என்று றிப்போட் வந்த பெண்ணின் பெரிட்டின் 8 ஆக இருக்கலாம். எப்.பி.சியை மட்டும் பார்த்தால் இவர் “நோர்மல்”.

எப்.பி.சியில் இன்னொரு எண்ணையும் பாருங்கள்: எம்.சி.வி, அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு. 80க்குக் கீழ் என்றால் இரும்புக் குறைபாடோ, தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் கடத்தியாக இருப்பதோ காரணமாகலாம். எம்.சி.வி குறைந்து பெரிட்டின் நன்றாக இருந்தால் இரும்புக் குளிசை விழுங்குவதில் பயனில்லை, எச்.பி.எல்.சி என்ற ஹீமோகுளோபின் பகுப்பாய்வைச் செய்யச் சொல்வார்கள். கலியாணம் பேசுகிற வயதில் அது தெரிந்திருப்பது முடியைவிடப் பெரிய காரியம், ஏனென்றால் இருவருமே கடத்திகளானால் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 4இல் 1. எம்.சி.வி 100ஐத் தாண்டினால் விற்றமின் பி12, போலிக் அமிலம், தைரொயிட், மதுப் பழக்கம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

பெரிட்டின் எவ்வளவு இருந்தால் முடிக்குப் போதும்?

அதிகம் குழப்பம் நடப்பது இந்த எண்ணில்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி, வேறு நோயில்லாத வளர்ந்தவருக்கு 15 மைக்ரோகிராம்/லீற்றருக்குக் கீழ் என்றால் இரும்புக் குறைபாடு. (சில ஆய்வுகூடங்கள் நானோகிராம்/மில்லிலீற்றர் என்று அச்சிடும், எண் மாறாது.) நடைமுறையில் 30க்குக் கீழ் இருந்தாலே பல வைத்தியர்கள் குறைபாடாக எடுத்துச் சிகிச்சை தருவார்கள். முடி வளர 40 வேண்டும், 70 வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. அதில் வைத்தியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 55 இருக்கும் பெண், 70 ஆக்கினால் முடி நிற்கும் என்று வருடக்கணக்கில் குளிசை எடுப்பது எங்கள் பார்வையில் வீண்.

ஆய்வுகூடம் அச்சிடும் “நோர்மல்” எல்லையையும் அப்படியே நம்ப வேண்டாம். சில இடங்களில் பெண்களுக்கு 10 அல்லது 12இலிருந்தே நோர்மல் என்று போட்டிருக்கும். 13 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இல்லை என்பதற்காகத் திருப்தியடையக் கூடாது.

மற்றப் பக்கத்திலும் ஏமாற்றம் உண்டு. உடலில் அழற்சியோ தொற்றோ இருந்தால் பெரிட்டின் தானாக உயரும். டெங்குவில் அது ஆயிரக்கணக்கில்கூட ஏறும். காய்ச்சல் விட்டு இரண்டாம் கிழமையே சோதித்து, “இரும்பு தாராளமாக இருக்கு” என்று முடிவு செய்தால் அது பொய்யான ஆறுதல். முழுதாகத் தேறி 4 முதல் 6 கிழமை கழித்துச் செய்யுங்கள். ஈரல் கொழுப்பு, நீரிழிவு, மூட்டுவாதம், மதுப் பழக்கம் உள்ளவர்களுக்கும் எண் கூடித் தெரியலாம். அவர்களுக்கு அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி சோதனையைச் சேர்த்துச் செய்தால் எண்ணை வாசிப்பது சுலபம். அழற்சி உள்ளவருக்கு 70க்குக் கீழ் இருந்தாலே குறைபாடு என்று சந்தேகிக்கலாம்.

பெரிட்டின் குறைவு. பாமசியில் இரும்புக் குளிசை வாங்கிப் போடலாமா?

முதலில் இரும்பு எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். மாதவிடாய் உள்ள பெண்ணுக்குப் பெரும்பாலும் அதிக இரத்தப்போக்கு; ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அணையாடை மாற்ற வேண்டியிருந்தால், கட்டி கட்டியாகப் போனால், அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைந்தால் அது முடி விவகாரம் அல்ல: குடற்புண், மூலம், அஸ்பிரின் போன்ற குளிசைகளால் வரும் கசிவு, பெருங்குடல் புற்றுநோய் என்று இரத்தம் கசியும் இடத்தைத் தேடியாக வேண்டும். குளிசை போட்டு எண்ணை உயர்த்திவிட்டால் அந்தத் தடயம் மறைந்துபோகும்.

இரும்புக் குளிசையை எப்படி எடுப்பது?

200 மில்லிகிராம் பெரஸ் பியூமரேற் குளிசை ஒன்றில் சுமார் 65 மில்லிகிராம் இரும்பு இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒன்று போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் உடல் உறிஞ்சும் பங்கு கூடும், வயிற்றுக் குழப்பமும் குறையும். ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் ஈரல் சுரக்கும் ஹெப்சிடின் அடுத்த 24 மணித்தியாலத்துக்கு உறிஞ்சலைத் தடுப்பதுதான் காரணம். மூன்று நேரம் போட்டால் மூன்று மடங்கு ஏறும் என்பது தவறு; மலச்சிக்கல்தான் ஏறும்.

வெறும் வயிற்றில், தேசிக்காய்த் தண்ணியோடு எடுப்பது நல்லது. குமட்டினால் சாப்பாட்டோடு எடுங்கள், விட்டுவிடாதீர்கள். இங்கே பலருக்குச் சிகிச்சை பலிக்காமல் போவதற்குக் காரணம் காலைத் தேத்தண்ணி. குளிசைக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி, கோப்பி, பால் கூடாது. கல்சியம் குளிசையையும் வேறு நேரத்துக்கு மாற்றுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். குளிசைப் போத்தலைச் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்: சிவப்புக் குளிசையை இனிப்பென்று நினைத்து ஒரு கைப்பிடி விழுங்கினால் உயிர் போகலாம்.

ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் 4 கிழமையில் அது ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். பெரிட்டினை 3 மாதம் ஆகும் முன் மறுபடி சோதிப்பது காசை வீணாக்குவது.

முருங்கையிலையும் பொன்னாங்காணியும் சாப்பாட்டுக்கு நல்லவை. ஆனால் இலைக்கறியிலுள்ள இரும்பு குறைவாகவே உறிஞ்சப்படும். மீன், இறைச்சி, ஈரலில் உள்ளது கூடுதலாக. 8 இருக்கும் பெரிட்டினை முருங்கையிலை வறையால் மட்டும் 40 ஆக்க முடியாது.

ரி.எஸ்.எச் றிப்போட்டை எப்படி வாசிப்பது?

பொதுவாக 0.4 முதல் 4.0 வரை சரி. 10ஐத் தாண்டினால் தைரொயிட் குறைபாடு தெளிவு. முடி காய்ந்து கொட்டுவதற்கும் அது காரணமாகலாம். 4க்கும் 10க்கும் இடையில் வந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்து, தைரொயிட் சுரக்கும் ஹோர்மோனை அளக்கும் ப்ரீ ரி4 உடன் மறுபடி பார்க்க வேண்டும். பலருக்கு அது தானாக இறங்கிவிடும். 5.2 என்ற எண்ணின் தலையில் எல்லா முடியையும் கட்டுவது சரியல்ல. மிகக் குறைவாக வந்தால் தைரொயிட் கூடியிருக்கலாம். அப்போதும் முடி கொட்டும்.

தைரொயிட் குறைபாட்டுக்கான தைரொக்சின் குளிசை தொடங்கியவர்கள் காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் எடுக்க வேண்டும். இரும்பு, கல்சியம் குளிசைகளுக்கும் அதற்கும் 4 மணித்தியால இடைவெளி தேவை. இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டு, ரி.எஸ்.எச் இறங்கவில்லையே என்று அளவைக் கூட்டிக்கொண்டு போவது இங்கே அடிக்கடி நடக்கிறது. மறுசோதனை 6 முதல் 8 கிழமைக்குப் பிறகு.

லண்டனில் இருந்து சொந்தக்காரர் அனுப்பிய முடி விற்றமின் எடுக்கிறேன். சோதனைக்கு முன் நிறுத்த வேணுமா?

கட்டாயம் நிறுத்த வேண்டும். அதில் பயோற்றின் இருக்கும். ஒரு நாள் தேவை சுமார் 30 மைக்ரோகிராம். இந்தக் குளிசைகளில் 5,000, 10,000 என்று இருக்கும். அது முடியை வளர்க்கிறதோ இல்லையோ, றிப்போட்டைப் பொய்யாக்கும். பல ஆய்வுகூட இயந்திரங்கள் ஹோர்மோனைப் பிடிக்கப் பயோற்றினும் ஸ்ற்ரெப்ராவிடின் என்ற புரதமும் ஒட்டிக்கொள்ளும் தன்மையைப் பயன்படுத்துகின்றன. இரத்தத்தில் மிதக்கும் பயோற்றின் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் ரி.எஸ்.எச் பொய்யாகக் குறையும், ரி3, ரி4 பொய்யாகக் கூடும். பார்ப்பவருக்குத் தைரொயிட் கூடிய நோய்போலவே தோன்றும். பெரிட்டினும் பொய்யாகக் குறையலாம்.

குறைந்தது 2, 3 நாள் முன் நிறுத்துங்கள். அளவு அதிகமென்றால் ஒரு கிழமை. இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு: மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரொபொனின் சோதனையையும் பயோற்றின் குறைத்துக் காட்டலாம். அமெரிக்க எப்.டி.ஏ 2017இல் இதை வெளிப்படையாக எச்சரித்தது. நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், முடி விற்றமின் எடுப்பதையும் சொல்லுங்கள்.

அதே போத்தலில் விற்றமின் ஏ, செலினியம் எவ்வளவு என்றும் லேபிளைப் பாருங்கள். இரண்டும் மிஞ்சினால் அவையே முடியைக் கொட்டவைக்கும்.

பிள்ளை பிறந்து நாலு மாதம், கை வைத்தால் கொத்தாக வருது.

பிரசவத்துக்குப் பின் 2 முதல் 4 மாதத்தில் தொடங்கி, ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் சரியாகும். பிரசவத்தில் இரத்தம் அதிகம் போனவர்கள் எப்.பி.சி, பெரிட்டின் செய்யட்டும். அதோடு ரி.எஸ்.எச்சையும் பார்ப்பது நல்லது, ஏனெனில் பிரசவத்துக்குப் பிந்திய தைரொயிட் அழற்சியும் இதே முதல் வருடத்தில்தான் வரும்: முதலில் படபடப்பு, பிறகு களைப்பும் மந்தமும். பத்தியச் சாப்பாடு என்று மரக்கறியையும் பழத்தையும் மாதக்கணக்கில் விலக்கி வைத்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஹோர்மோன் சோதனைகள் யாருக்கு?

மாதவிடாய் 35 நாளுக்கு மேல் தள்ளிப்போகிறவர்களுக்கு, நாடியிலும் மேலுதட்டிலும் தடித்த முடி வளருகிறவர்களுக்கு, பருக்கள் அடங்காதவர்களுக்கு. செய்ய வேண்டியவை: ஆண் ஹோர்மோனான மொத்த ரெஸ்ரஸ்ரரோன், அதைப் பிணைக்கும் புரதமான எஸ்.எச்.பி.ஜி, தேவையெனில் 17-ஓ.எச்.பி (அட்ரினல் சுரப்பி ஹோர்மோன்), ப்ரொலக்ரின் (பால் சுரக்கவைக்கும் ஹோர்மோன்). மாதவிடாயின் 2 முதல் 5ஆம் நாளுக்குள், காலையில் இரத்தம் கொடுங்கள். கருத்தடைக் குளிசை எடுப்பவருக்கு இந்த எண்கள் பயன்படாது. நிறுத்தி 3 மாதம் போக வேண்டும், அதையும் வைத்தியரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். வாந்திக்கு எடுக்கும் டொம்பெரிடோன் ப்ரொலக்ரினை உயர்த்தும். குரல் தடித்து, சில மாதத்துக்குள் உடலெங்கும் முடி வளர்ந்தால் காத்திருக்காமல் வைத்தியரிடம் போங்கள்.

நாங்கள் சைவம். பி12 குறையுமா?

பிறந்ததிலிருந்து சைவமாக இருந்து, பாலும் தயிரும் குறைவாக எடுப்பவர்களுக்குக் குறையலாம். நல்லூர்த் திருவிழாவுக்கு 25 நாள் மச்சம் விட்டதால் குறையாது. ஈரலில் உள்ள சேமிப்பு வருடக்கணக்கில் தாங்கும். மெற்போமின் எடுக்கும் நீரிழிவுக்காரரும், வயிற்று அமிலத்துக்கான ஒமெப்ரசோல் நெடுநாள் எடுப்பவரும் பி12 பார்க்கலாம். கை கால் விறைப்பு, நாக்கு எரிவு இருந்தால் அவசியம் பாருங்கள்.

விற்றமின் டி, சிங்க்?

விற்றமின் டி குறைவாக இருந்தால் எலும்புக்காகத் திருத்துங்கள். முடி அதனால் வளரும் என்பதற்கு ஆதாரம் பலவீனம். அலகைக் கவனியுங்கள்: 20 நானோகிராம்/மில்லிலீற்றரும் 50 நானோமோல்/லீற்றரும் ஒன்றே. அலகு பார்க்காமல் “எனக்கு 50, உனக்கு 20” என்று ஒப்பிடக் கூடாது. சிங்க்குக்கு வெறும் வயிற்றில் காலையில், சுவட்டுத் தனிமங்களுக்கென்ற (மிகச் சிறிய அளவில் உள்ள தாதுக்களுக்கான) தனிக் குழாயில் எடுக்க வேண்டும். சாதாரணக் குழாயின் இறப்பர் மூடியிலிருந்தே சிங்க் கலந்துவிடும். காரணமில்லாமல் இதைக் கேட்டு வாங்க வேண்டாம்.

எல்லாவற்றையும் பார்க்கும் பெரிய பக்கேஜ் செய்தால் நல்லதுதானே?

நோர்மல் எல்லை என்பது ஆரோக்கியமானவர்களில் 95 வீதத்தினரை உள்ளடக்கும் எல்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனை செய்தால், நோயே இல்லாத ஒருவருக்கும் ஏதாவது ஒன்று பிசகிவர 64 வீத வாய்ப்பு உண்டு. பிறகு அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு கொழும்புவரை போக வேண்டிவரும். லூபஸ் போன்ற, உடல் தன்னையே தாக்கும் நோய்களுக்கான ஏ.என்.ஏ சோதனை இதற்கு நல்ல உதாரணம்: முகத்தில் வெயிலுக்குத் தடிப்பு, மூட்டு வீக்கம், வாய்ப்புண் இல்லாதவருக்கு அதைச் செய்வதால் பயத்தைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. முடியையே வெட்டிக் கொடுத்துச் செய்யும் தாதுப் பகுப்பாய்வும், உணவு ஒவ்வாமைக்கென்று விற்கும் ஐ.ஜி.ஜி பட்டியலும் முடி கொட்டுதலுக்குப் பயனற்றவை.

பக்கேஜில் பெரும்பாலும் இல்லாத, சிபிலிஸ் என்ற பாலியல் நோய்க்கான வி.டி.ஆர்.எல் சோதனை சிலருக்குத் தேவைப்படும். பூச்சி அரித்ததுபோல் அங்குமிங்கும் திட்டுத்திட்டாக முடி போனால் சிபிலிசும் காரணமாகலாம். அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இதை இலவசமாகவும் இரகசியமாகவும் செய்யலாம்.

எங்கட கிணற்றுத் தண்ணிதான் காரணமோ?

சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீரில் கல்சியமும் மக்னீசியமும் அதிகம். சவர்க்காரம் நுரைக்காது, முடி முரடாகும், நடுவில் முறியும். வேரோடு கழற்றாது. விழுந்த முடியை எடுத்துப் பாருங்கள்: நுனியில் சிறு வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்தது; குமிழ் இல்லாமல் குட்டையாக இருந்தால் முறிந்தது. முறிவுக்கு இரத்தத்தில் விடை கிடைக்காது. மழைத் தண்ணீரால் கடைசி அலசல் அலசிப் பாருங்கள்.

எங்கே போவது, சாப்பிடாமல் போக வேணுமா?

முதலில் குடும்ப வைத்தியர் அல்லது அருகிலுள்ள அரச ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவு. தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளிலிருந்து தேவையென்றால் யாழ் போதனா வைத்தியசாலைத் தோல் நோய்க் கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள். அரச ஆஸ்பத்திரியில் செய்யும் சோதனைக்குக் காசில்லை. வெளியில் செய்தால் மறுசோதனையையும் அதே ஆய்வுகூடத்தில், நாளின் அதே நேரத்தில் செய்யுங்கள். இயந்திரம் மாறினால் எண்ணும் மாறும், ரி.எஸ்.எச் காலையிலும் மாலையிலும் வேறுபடும்.

எப்.பி.சி, பெரிட்டின், ரி.எஸ்.எச் மூன்றுக்கும் பட்டினி தேவையில்லை. சீரம் இரும்பு கேட்டிருந்தால் வெறும் வயிற்றில், முதல் நாளிலிருந்து இரும்புக் குளிசை விட்டுப் போங்கள். இரண்டு குழாய், மொத்தம் 10 மில்லிலீற்றருக்குள்தான் எடுப்பார்கள். இரத்தம் எடுத்து முடி கூடக் கொட்டும் என்ற பயம் வேண்டாம்.

போகும்போது ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: கொட்டத் தொடங்கிய மாதம், அதற்கு முந்திய 4 மாதத்தில் வந்த காய்ச்சல், சத்திரசிகிச்சை, எடை மாற்றம், எடுக்கும் எல்லா மருந்துகளும். வலிப்புக்கு எடுக்கும் வல்புரோவேற், தைரொயிட் கூடியதற்கு எடுக்கும் கார்பிமசோல், இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் வோபரின், பருவுக்கு எடுக்கும் ஐசோற்றெற்றினோயின் போன்றவையும் முடியைக் கொட்டவைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஆண்களுக்கு டி.எச்.ரி (ஒரு ஆண் ஹோர்மோன்) சோதனை?

வேண்டாம். வழுக்கை விழுவது இரத்தத்தில் டி.எச்.ரி கூடியதால் அல்ல, மயிர்க்கால் பரம்பரையாக அதனால் எளிதில் பாதிக்கப்படுவதால். வழுக்கைக்குப் பினஸ்ரரைட் குளிசை எடுப்பவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அது புரஸ்ரேற் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ இரத்தச் சோதனையின் அளவை ஏறக்குறையப் பாதியாக்கும். புரஸ்ரேற் சோதனைக்குப் போகும்போது சொல்லாவிட்டால் 3 என்று வரும் எண் உண்மையில் 6 ஆக இருக்கலாம்.

பிள்ளையின் தலையில் செதிலோடு ஒரு திட்டு.

அது பெரும்பாலும் படர்தாமரைப் பூஞ்சை. ஊசி தேவையில்லை, செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பூச்சு மருந்து மட்டும் போதாது, கிழமைக்கணக்கில் குடிக்கும் மருந்து தேவை. வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளின் தலையையும் பாருங்கள், சீப்பைப் பகிர வேண்டாம்.

எல்லா றிப்போட்டும் சரி. ஆனாலும் கொட்டுது.

மிகவும் சாதாரணமான முடிவு இதுதான். குணமாகிக்கொண்டிருக்கும் உதிர்வு, அல்லது பரம்பரை மெலிவு, அல்லது இரண்டும் சேர்ந்தது. நெற்றியோரம் குட்டை முடிகள் புதிதாக முளைக்கின்றனவா என்று பாருங்கள். வகிடை மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். முடி மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். இரும்போ தைரொயிட்டோ திருத்திய பிறகும் கொட்டுவது குறைய 3 மாதம், பின்னல் தடிக்க ஒரு வருடத்துக்கு மேலாகும். அதே சோதனைகளை மாதாமாதம் திருப்பிச் செய்வதைவிட, 6 மாதத்துப் படங்களோடு தோல் நோய்க் கிளினிக்குக்குப் போங்கள்.